ஏபிஐ-யில் பிழை ஏன் 200 வேஷம் போடுகிறது: எக்ஸெப்ஷனும் ரீடைரக்ட்டும் கலக்கும் இடம்

ஜேசான் (நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) வர வேண்டிய இடத்தில் '<' என்ற குறி வந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று பிரவுசர் கன்சோலில் சிவப்பாக ஒரு வரி. நெட்வொர்க் டேபைத் திறந்தால் அந்த ரிக்வெஸ்ட்டுக்கு 200, அதாவது "எல்லாம் சரி" என்ற எண், வந்திருக்கிறது. சர்வர் லாகில் பிழை என்று எதுவும் இல்லை. ஃபிரன்ட்எண்டில் இருப்பவர் சர்வரைக் குறை சொல்வார், சர்வர் பக்கம் இருப்பவர் "எங்க பக்கம் 200 தானே போயிருக்கு" என்பார், இரண்டு பேர் சொல்வதும் அவரவர் திரையில் உண்மைதான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே. "முடியவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தரவு கேட்கும் வாசல்) "அங்கே போ" என்று சொல்லிவிட்டது. மனிதர் பார்க்கும் வலைப்பக்கத்துக்கு அது பொருந்தும். ஒரு நிரல் படிக்கும் பதிலுக்குப் பொருந்தாது. ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் இரண்டு சொற்கள்

எக்ஸெப்ஷன் என்பது நிரலுக்குள் நடப்பது. ஒரு ஃபங்ஷன் தன் வேலையை முடிக்க முடியாமல் போனால் எக்ஸெப்ஷனை வீசுகிறது, தன்னை அழைத்த ஃபங்ஷன்களின் வரிசையில் அதைப் பிடிப்பவர் யாராவது இருக்கிறாரா என்று அது மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். இது முழுக்க சர்வரின் உள்விவகாரம். கிளையன்ட்டுக்கு எக்ஸெப்ஷன் என்று ஒன்று தெரியவே தெரியாது.

கிளையன்ட்டுக்குத் தெரிவது ஸ்டேட்டஸ் கோட். எச்டிடிபி பதிலின் முதல் வரியில் வரும் மூன்று இலக்க எண். 2-இல் தொடங்கினால் வேலை முடிந்தது. 3-இல் தொடங்கினால் இன்னும் முடியவில்லை, நீ வேறு ஏதோ செய்ய வேண்டியிருக்கிறது. 4 என்றால் கேட்டவர் பக்கம் கோளாறு, 5 என்றால் சர்வர் பக்கம் கோளாறு.

ரீடைரக்ட் இந்த 3 வரிசையில் வருகிறது. கூடவே 'லொகேஷன்' என்ற ஹெடரில் (பதிலோடு வரும் தகவல் வரி) புது முகவரி இருக்கும். (304-உம் 3-இல்தான் தொடங்குகிறது, ஆனால் அது "உன்னிடம் இருக்கும் பிரதியே போதும்" என்று சொல்வது. அதை இங்கே விட்டுவிடலாம்.) இன்னொன்று: 201 பதிலிலும் லொகேஷன் ஹெடர் வரும். அது புதிதாக உருவான பொருளின் முகவரி, அவ்வளவுதான். அதைப் பார்த்து எந்த கிளையன்ட்டும் தானாக அங்கே போகாது.

ஆக உள்ளே நடந்த எக்ஸெப்ஷனை வெளியே சரியான எண்ணாக மாற்றிக் கொடுப்பதுதான் ஏபிஐ-யின் பொறுப்பு. அந்த மாற்றத்தில் 4 அல்லது 5 வர வேண்டிய இடத்தில் 3 நுழையும்போதுதான் மேலே சொன்ன '<' வந்து நிற்கிறது.

## அந்த '<' வந்த வழி

குக்கி வைத்து லாகின் செய்யும் ஒரு வலைத்தளம். அதே அப்ளிகேஷனுக்குள்ளேயே ஏபிஐ-யும் இருக்கிறது. பயனரின் செஷன் காலாவதியாகிவிட்டது. இப்போது நடப்பது இது:

1. ஜாவாஸ்கிரிப்ட், பிரவுசரின் ஃபெட்ச் ஃபங்ஷன் மூலம் ஏபிஐ-யை அழைக்கிறது.
2. சர்வரின் ஆத்தென்டிகேஷன் மிடில்வேர் (ரிக்வெஸ்ட் உள்ளே போகும் முன் பயனர் யார் என்று பார்க்கும் அடுக்கு) குக்கியைப் பார்த்து, செல்லாது என்று முடிவு செய்கிறது.
3. அதன் இயல்பான பழக்கம் பயனரை லாகின் பக்கத்துக்கு அனுப்புவது. எனவே 302 கொடுத்து, லொகேஷனில் லாகின் முகவரியைப் போடுகிறது.
4. ஃபெட்ச் தன் இயல்புப்படி அந்த ரீடைரக்ட்டைத் தானே பின்தொடர்கிறது. உங்கள் நிரலிடம் ஒரு வார்த்தை கேட்காது.
5. லாகின் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. 200, கூடவே எச்டிஎம்எல்.
6. உங்கள் நிரல் 200 என்பதைப் பார்த்து நம்பி ஜேசானாகப் படிக்கப் போகிறது. எச்டிஎம்எல்லின் முதல் எழுத்து '<'.

இதில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகச் சரியாகவே வேலை செய்திருக்கிறது. அதனால்தான் லாகில் எதுவும் விழவில்லை. 401 என்ற ஒரே ஒரு எண் வந்திருந்தால் கிளையன்ட் உடனே "மறுபடி லாகின் செய்யுங்கள்" என்று காட்டியிருக்கும். அந்த எண் மூன்றாவது அடியில் தொலைந்துவிட்டது.

லாகின் பக்கம் வேறொரு டொமைனில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஃபெட்ச் அந்த டொமைனுக்குப் போகும், அது கார்ஸ் அனுமதி (வேறு டொமைனின் பக்கம் தன் பதிலைப் படிக்கலாம் என்ற அனுமதி) தராது, கன்சோலில் கார்ஸ் பிழை வரும். பார்ப்பவர் கார்ஸ் செட்டிங்கைத் திருத்துவதில் அரை நாளைக் கழிப்பார். உண்மையில் செஷன் முடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் ஃபிரேம்வொர்க்குகளில் ஆழமாக ஊறியது. ஏஎஸ்பி.டாட்நெட் கோரில் குக்கி ஆத்தென்டிகேஷன் பல ஆண்டுகளாக இப்படித்தான் இருந்தது. டாட்நெட் 10-இல்தான், ஏபிஐ என்று அடையாளம் தெரிந்த எண்ட்பாயின்ட்களுக்கு (அழைக்கும் முகவரிகளுக்கு) ரீடைரக்ட் செய்யாமல் 401 அல்லது 403 கொடுப்பதை இயல்பாக்கினார்கள். அதற்கு முந்தைய பதிப்புகளில் இருப்பவர்கள், லாகினுக்கு ரீடைரக்ட் செய்யும் நிகழ்வை மாற்றி எழுதி, பாதை ஏபிஐ-யுடையதா என்று பார்த்து 401 கொடுக்க வேண்டும். சில வரி வேலைதான், அதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

## பிழைப் பக்கத்துக்கு அனுப்பும் பழக்கம்

இதே கதையின் இன்னொரு வடிவம்: எக்ஸெப்ஷன் வந்தால் 'பிழை' என்ற பக்கத்துக்கு ரீடைரக்ட் செய்வது. பழைய ஏஎஸ்பி.டாட்நெட்டில் கஸ்டம் எரர்ஸ் என்ற அமைப்பு இயல்பாக இப்படித்தான் செய்யும். கோர் பதிப்பிலும், ஸ்டேட்டஸ் கோட் பக்கங்களை ரீடைரக்ட் மூலம் காட்டும் ஒரு மிடில்வேர் இருக்கிறது. முதலில் 302, பிறகு பிழைப் பக்கம் 200. 404 என்ற உண்மை எங்கேயும் பதிவாகாது. தேடுபொறி அந்தப் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், மானிட்டரிங் கருவி எல்லாம் நலம் என்று பச்சை காட்டும்.

அதே இடத்தில் இன்னொரு வழி இருக்கிறது: ரீ-எக்ஸிகியூட். கிளையன்ட்டிடம் எதுவும் சொல்லாமல் சர்வருக்குள்ளேயே அந்த ரிக்வெஸ்ட்டைப் பிழைப் பக்கத்தின் பாதைக்குத் திருப்பி, அங்கே உருவாகும் உள்ளடக்கத்தை முதலில் வந்த ஸ்டேட்டஸ் கோடோடு சேர்த்து அனுப்புவது. முகவரி மாறாது, எண்ணும் மாறாது. ஏபிஐ-யும் பக்கங்களும் ஒரே அப்ளிகேஷனில் இருந்தால் இதைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ரீடைரக்ட்டே ஒரு எக்ஸெப்ஷனாக இருக்கும்போது

இது பலருக்குத் தெரியாது, தெரியாததால் மணிக்கணக்கில் தேடுவார்கள். பல ஃபிரேம்வொர்க்குகளில் ரீடைரக்ட் செய்யும் ஃபங்ஷன் உள்ளுக்குள் எக்ஸெப்ஷனைத்தான் வீசுகிறது. அந்த இடத்திலேயே மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு வெளியேற அதுதான் சுலபமான வழி என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள்.

நெக்ஸ்ட்.ஜேஎஸ்-இல் ரீடைரக்ட் என்ற ஃபங்ஷன் ஒரு சிறப்புப் பிழையை வீசும், ஃபிரேம்வொர்க் அதை மேலே பிடித்து ரீடைரக்டாக மாற்றும். ஆனால் நீங்கள் அதை ட்ரை தொகுதிக்குள் அழைத்தால்? ட்ரைக்குள் எழும் எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் உங்கள் கேட்ச் பகுதி அதை முதலில் பிடித்துவிடும். படிவம் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டிருக்கும், பயனருக்கு "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று செய்தி போகும். அவர் மறுபடி அழுத்துவார், இரண்டாவது முறையும் சேமிக்கப்படும். ரீடைரக்ட்டை ட்ரைக்கு வெளியே வையுங்கள் என்று அதன் ஆவணத்திலேயே சொல்லியிருப்பது இதனால்தான்.

பைத்தானில் ஃபிளாஸ்க்கின் அபார்ட்டும் இதே வகை. 404 கொடுக்க அபார்ட்டை அழைக்கிறீர்கள், அதைச் சுற்றி எல்லா எக்ஸெப்ஷனையும் பிடிக்கும் ஒரு கேட்ச் இருக்கிறது, முடிவில் கிளையன்ட்டுக்கு 500 போகிறது. பழைய ஏஎஸ்பி.டாட்நெட்டின் ரெஸ்பான்ஸ் ரீடைரக்ட் த்ரெட் அபார்ட் எக்ஸெப்ஷனை வீசும். ரீடைரக்ட் என்னவோ நடந்துவிடும், ஆனால் எல்லாவற்றையும் பிடித்து லாகில் எழுதும் நிரலாக இருந்தால், லாக் முழுக்க பிழையே இல்லாத பிழைகளாக நிரம்பும். அதில் உண்மையான பிழை ஒன்று விழுந்தால் யார் கண்ணிலும் படாது.

எனவே எல்லாவற்றையும் பிடிக்கும் கேட்ச்சை எழுதும் முன் ஒன்றைப் பாருங்கள்: இந்த ஃபிரேம்வொர்க் தன் சொந்த வேலைக்காக எக்ஸெப்ஷன்களைப் பயன்படுத்துகிறதா? ஆம் என்றால், அவற்றை அடையாளம் கண்டு அப்படியே மேலே விட்டுவிட வேண்டும். அதைவிட நல்லது, உங்களுக்கு உண்மையில் என்ன செய்வது என்று தெரிந்த எக்ஸெப்ஷனை மட்டும் பெயர் சொல்லிப் பிடிப்பது.

## 301, 302, 303, 307, 308: ஐந்தும் ஒன்றல்ல

வரலாற்றை அறிந்தால் இது தானாகப் புரியும். 1996-இல் வந்த எச்டிடிபி 1.0-இல் 301-உம் 302-உம் இருந்தன. போஸ்ட் ரிக்வெஸ்ட்டுக்கு (தரவை அனுப்புவது) 302 வந்தால் புது முகவரிக்கும் போஸ்ட்டாகவே போக வேண்டும் என்பதுதான் எண்ணம். பிரவுசர்கள் அதைக் கெட்டாக, அதாவது வெறுமனே படிக்கக் கேட்பதாக, மாற்றிவிட்டன, அனுப்பிய தரவு இருக்கும் பாடியையும் கைவிட்டன. எழுதியது ஒன்று, நடைமுறை இன்னொன்று. நடைமுறையே நிலைத்துவிட்டதால், இரண்டு நோக்கத்துக்கும் தனித்தனி எண்களை உருவாக்கினார்கள். 303 என்றால் கட்டாயம் கெட். 307 என்றால் தற்காலிகம், மெத்தடும் (போஸ்ட், கெட் போன்ற வகை) பாடியும் மாறக்கூடாது. 301-க்கு அதே போல மாறாத ஜோடி 308. அது 2015-இல் ஆர்எஃப்சி (இணையத் தர ஆவணம்) 7538-ஆக வந்தது. இப்போது இவை எல்லாம் 2022-இன் ஆர்எஃப்சி 9110-இல் ஒன்றாக இருக்கின்றன.

விளைவு எங்கே கடிக்கிறது என்றால், முகவரியின் கடைசியில் வரும் சாய்கோட்டில். கிளையன்ட் சாய்கோடு இல்லாமல் அழைக்கிறது, சர்வர் சாய்கோடு உள்ள முகவரிக்கு ரீடைரக்ட் செய்கிறது. ஃபாஸ்ட்ஏபிஐ இதற்கு 307 கொடுக்கும், ஃபிளாஸ்க் 308 கொடுக்கும், இரண்டிலும் போஸ்ட் போஸ்ட்டாகவே போய்ச் சேரும். ஜாங்கோ 301 கொடுக்கும். அங்கே போஸ்ட் கெட்டாக மாறி, அனுப்பிய தரவு வழியிலேயே காணாமல் போய், பட்டியல் ஒன்று 200-உடன் திரும்பி வரலாம். புதிய பதிவு உருவானதாக நினைத்துக் கிளையன்ட் நகர்ந்துவிடும். இதை உணர்ந்துதான் ஜாங்கோ, டீபக் நிலையில் இப்படி ஒரு போஸ்ட் வந்தால் ரீடைரக்ட் செய்யாமல் எக்ஸெப்ஷனை வீசி எச்சரிக்கிறது. ஆனால் புரொடக்‌ஷனில் அந்த எச்சரிக்கை வராது.

இன்னொரு பொறி: 301-ஐயும் 308-ஐயும், தடை சொல்லாத வரை, பிரவுசர்கள் கேஷில் வைத்துக்கொள்ளலாம். தவறான முகவரிக்கு ஒருமுறை 301 கொடுத்துவிட்டால், சர்வரில் திருத்திய பிறகும் சில பயனர்கள் பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருப்பார்கள். உறுதியாகத் தெரியாதவரை 307 போதும்.

## பின்தொடரும் கிளையன்ட் என்னவெல்லாம் செய்கிறது

ஃபெட்ச் 404-க்கும் 500-க்கும் பிழை வீசாது. இணைப்பே கிடைக்காவிட்டால், கார்ஸ் தடுத்தால், ரீடைரக்ட் முடிவில்லாமல் போனால்தான் வீசும். 200 முதல் 299 வரையா என்பதைச் சொல்லும் ஓகே என்ற மதிப்பை நீங்களே பார்க்க வேண்டும். ஆக்சியோஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இதற்கு நேர்மாறு, 2 வரிசையில் இல்லாத எல்லாவற்றுக்கும் வீசும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், ரெய்ஸ் ஃபார் ஸ்டேட்டஸ் என்பதை அழைத்தால் மட்டும் வீசும், அதுவும் 400 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான். ஒரு நூலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பிழை கையாளும் பகுதி சத்தமில்லாமல் செத்துப்போவது இதனால்தான்.

ரீடைரக்ட் எண்ணிக்கையிலும் ஒற்றுமை இல்லை. 1997-இன் எச்டிடிபி 1.1 ஆவணம் அதிகபட்சம் 5 என்று பரிந்துரைத்தது. ஃபெட்ச் 20 வரை போகும், ரிக்வெஸ்ட்ஸ் 30, டாட்நெட்டின் எச்டிடிபி கிளையன்ட் 50.

டோக்கன் (நீங்கள் யார் என்று காட்டும் ரகசிய அடையாளம்) விஷயத்துக்கு வருவோம், இதில்தான் கவனம் அதிகம் தேவை. ரீடைரக்ட் வேறொரு ஹோஸ்ட்டுக்குப் போனால் ஆத்தரைசேஷன் ஹெடரைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் டோக்கன் அந்நியர் கைக்குப் போய்விடும். கர்ல் என்ற கட்டளை வரிக் கருவி 2018-இல் 7.58.0 பதிப்பில் இந்த ஓட்டையை அடைத்தது. ரிக்வெஸ்ட்ஸும் கழற்றும். டாட்நெட்டின் கிளையன்ட் ஒரு படி மேலே போய், அதே ஹோஸ்ட்டுக்குள் ரீடைரக்ட் ஆனாலும் கழற்றிவிடும். எனவே வெறும் சாய்கோடு ரீடைரக்ட்டிலேயே 401 வரும், டோக்கன் சரியாக இருந்தும் ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

ஆனால் ஏபிஐ கீ என்று நீங்களே பெயர் வைத்த ஹெடர்? அது ரகசியம் என்று நூலகத்துக்குத் தெரியாது. பெரும்பாலும் கழற்றாமல் அப்படியே புது இடத்துக்குக் கொண்டுபோகும். ரகசியத்தைச் சொந்த ஹெடரில் அனுப்பும் கிளையன்ட், தானாகப் பின்தொடர்வதை அணைத்து வைப்பதே பாதுகாப்பு.

எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்-க்கு ரீடைரக்ட் செய்வதும் இதே காரணத்தால் ஏபிஐ-க்கு ஒத்துவராது. ரீடைரக்ட் பதில் வருவதற்குள் முதல் ரிக்வெஸ்ட் டோக்கனோடு வெளிப்படையாகக் கம்பியில் போய்விட்டது. கிளையன்ட் எழுதியவருக்கு முகவரி தவறு என்று ஒருபோதும் தெரியாது, ஒவ்வொரு அழைப்பிலும் அதுவே நடக்கும். ஏபிஐ-க்கு எச்டிடிபி வாசலையே திறக்காமல் விடுங்கள், அல்லது 400 கொடுத்து நிறுத்துங்கள். கார்ஸ் ப்ரீஃப்ளைட் ரிக்வெஸ்ட்டுக்கு (பிரவுசர் முன்கூட்டியே அனுமதி கேட்டு அனுப்புவது) ரீடைரக்ட் பதிலாக வந்தால் பிரவுசர் ஏற்காது என்பது இன்னொரு காரணம்.

## அப்புறம், எக்ஸெப்ஷனை எங்கே பிடிப்பது

ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் ட்ரை-கேட்ச் போடுவது வேண்டாம். பைப்லைனின் வெளி அடுக்கில் ஒரே இடம் போதும். ஏஎஸ்பி.டாட்நெட் கோரில் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர் மிடில்வேர், ஸ்பிரிங்கில் கன்ட்ரோலர் அட்வைஸ், ஃபாஸ்ட்ஏபிஐ-யில் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர், எக்ஸ்பிரஸில் கடைசியில் வரும் நான்கு அளவுருக்கள் கொண்ட ஃபங்ஷன். அங்கே முடிவு செய்ய வேண்டியவை:

1. உள்ளீடு தவறு என்றால் 400 அல்லது 422. எதை எடுத்தாலும் ஏபிஐ முழுக்க அதையே பின்பற்றுங்கள்.
2. யார் என்று தெரியவில்லை என்றால் 401. யார் என்று தெரிந்தும் அனுமதி இல்லை என்றால் 403.
3. பொருள் இல்லை என்றால் 404. இருக்கிறது, ஆனால் அதன் இப்போதைய நிலை இந்தச் செயலுக்கு இடம் தரவில்லை என்றால் 409.
4. அளவுக்கு மீறிக் கேட்டால் 429, நாங்கள் தற்காலிகமாகத் தடுமாறினால் 503. இரண்டிலும் ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரை வையுங்கள். அது இல்லாவிட்டால் கிளையன்ட்கள் நொடிக்கு நொடி தட்டிக்கொண்டே இருக்கும்.
5. மற்றதெல்லாம் 500.

பாடியில் என்ன அனுப்புவது என்பதற்குத் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. ப்ராப்ளம் டீடெய்ல்ஸ் என்ற வடிவம் 2016-இல் ஆர்எஃப்சி 7807-ஆக வந்து, 2023-இல் 9457-ஆகப் புதுப்பிக்கப்பட்டது. டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீடெய்ல், இன்ஸ்டன்ஸ் என்று ஐந்து புலங்கள். ஆர்டர் போடும்போது இருப்பு போதவில்லை என்றால் ஸ்டேட்டஸ் 409, டைட்டில் "இருப்பு போதவில்லை", டீடெய்லில் "5 கேட்டீர்கள், 2 இருக்கிறது". கிளையன்ட் முடிவெடுக்க வேண்டியது டைப்பை வைத்து. மற்ற வாக்கியங்கள் மனிதர் படிக்க. வாக்கியத்தை ஒப்பிட்டு நிரல் எழுதினால், யாராவது ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திய அன்று அது உடையும்.

500-க்கு ஸ்டாக் ட்ரேஸ், டேபிள் பெயர், கோப்புப் பாதை எதையும் வெளியே விடாதீர்கள். ஒரு ட்ரேஸ் ஐடியை மட்டும் கொடுத்து, முழு விவரத்தையும் அதே ஐடியோடு லாகில் எழுதுங்கள். பயனர் அந்த ஐடியைச் சொன்னால் நீங்கள் நேராகச் சம்பவ இடத்துக்குப் போய்விடலாம்.

ஒரு எல்லையை அறிந்திருக்க வேண்டும்: பதில் அனுப்பத் தொடங்கிய பிறகு ஸ்டேட்டஸை மாற்ற முடியாது. பெரிய பட்டியலை ஸ்ட்ரீம் செய்கிறீர்கள், 200 போய்விட்டது, பாதியில் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தது. ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டன என்று நோடு, பிஎச்பி எல்லாம் குறைப்படும் இடம் இதுதான். அந்த நிலையில் பிழைச் செய்தியைப் பாதி ஜேசானுக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்; பதில் முழுமையாக வரவில்லை என்பதை அதை வைத்தே கிளையன்ட் அறிந்துகொள்ளும்.

## ரீடைரக்ட் உண்மையில் பொருந்தும் இடங்கள்

ஏபிஐ-யில் ரீடைரக்ட்டே கூடாது என்பதில்லை. எண்ட்பாயின்ட் நிரந்தரமாக இடம் மாறினால் 308. கோப்பைப் பதிவிறக்கக் கேட்டால், சிறிது நேரம் மட்டும் செல்லும் கையொப்பமிட்ட முகவரிக்கு 302 அல்லது 307. நீண்ட வேலைக்கு 202 கொடுத்து, நிலையைப் பார்க்கும் முகவரியை லொகேஷனில் வைத்து, வேலை முடிந்ததும் அந்த முகவரி 303 மூலம் முடிவைக் காட்டலாம். மூன்றிலும் பொதுவானது, ரீடைரக்ட்டின் மறுமுனையில் கிளையன்ட் கேட்ட பொருளே இருக்கிறது.

போகும் முகவரி பயனர் கொடுத்த அளவுருவிலிருந்து வந்தால் அனுமதிப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள். அதேபோல உங்கள் சர்வர் வெளி முகவரிகளை அழைக்கும் இடங்களில், வெப்ஹூக் (ஒன்று நடந்ததும் மற்றவர் கொடுத்த முகவரியை அழைத்துச் சொல்வது) போன்றவற்றில், முதல் முகவரியை மட்டும் சோதித்தால் போதாது. அது நல்ல முகவரியாக இருந்து, 302 மூலம் 169.254.169.254 என்ற கிளவுட் மெட்டாடேட்டா முகவரிக்கு அனுப்பி, உள்ளிருக்கும் சாவிகளைப் படித்துக்கொண்டு போக முடியும். ஒவ்வொரு தாவலையும் சோதிக்க வேண்டும், அல்லது பின்தொடரவே கூடாது.

## இருக்கும் ஏபிஐ-யைச் சோதிக்க

கிளையன்ட்டில் தானாகப் பின்தொடர்வதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். கர்ல் கேட்காமல் பின்தொடராது என்பதால் அதற்கு வசதி. பிரவுசர் ஃபெட்ச்சில் ரீடைரக்ட்டை மேனுவல் என்று வைத்தால் ஸ்டேட்டஸ் 0 என்றுதான் வரும், லொகேஷனையும் காட்டாது, எனவே அங்கே சோதித்துப் பயனில்லை.

1. குக்கியும் டோக்கனும் இல்லாமல் அழையுங்கள். 401 வர வேண்டும். 302 வந்தால் மேலே சொன்ன மிடில்வேர்தான் காரணம்.
2. இல்லாத பாதையை அழையுங்கள். 404 வர வேண்டும், பாடி எச்டிஎம்எல்லாக இருக்கக்கூடாது.
3. போஸ்ட்டை சாய்கோடு சேர்த்தும் சேர்க்காமலும் அனுப்பி, 301 வருகிறதா பாருங்கள்.
4. உடைந்த ஜேசானை அனுப்புங்கள். 500 வந்தால் எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் அடுக்கு பாடியைப் படிக்கும் கட்டத்தை விட்டுவிட்டது.
5. எல்லாப் பிழைப் பதில்களிலும் கன்டென்ட்-டைப் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். சர்வருக்கு முன்னால் நிற்கும் ப்ராக்ஸி (ரிக்வெஸ்ட்டை வாங்கி உள்ளே அனுப்பும் இடைச் சர்வர்) தன் சொந்த 502 பக்கத்தை எச்டிஎம்எல்லில் கொடுக்கும், அது உங்கள் நிரலைத் தொடாமலே வருவது. எனவே கிளையன்ட் பக்கத்தில் ஜேசானாகப் படிக்கும் முன் கன்டென்ட்-டைப்பைப் பார்க்கும் ஒரு வரி எப்படியும் இருக்க வேண்டும்.